மூணு நாளில் அடங்கிய பரு

அந்தக் களிம்பை மூணு ராத்திரிதான் பூசினேன். நாலாவது நாள் காலையில் கண்ணாடி பார்த்தால், ஒரு மாசமாகத் தாடையோரம் வலித்துக்கொண்டிருந்த கட்டிகள் அமுங்கிக் கிடந்தன. முகமும் கொஞ்சம் வெளுத்திருந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அப்போது எனக்கு வயது 29. அந்த மூணு நாளுக்கு அடுத்த மூணு வருஷம் விலை கொடுத்தேன்.

ஊத்துக்குளி பக்கம் எங்கள் ஊர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, ஆர்டர் வந்ததிலிருந்து துணி பெட்டியில் போகிற வரை கவனிப்பது. பத்தாவது படிக்கும்போது கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் பரு வந்தது, எனக்கு ஒன்றிரண்டோடு போயிற்று. 26 வயதுக்கு மேல்தான் ஆரம்பித்தது. நெற்றி, கன்னம் எல்லாம் சும்மா இருக்க, தாடையிலும் கழுத்து ஆரம்பிக்கிற இடத்திலும் மட்டும் வரும். தொட்டால் உள்ளுக்குள் கோலிகுண்டு மாதிரி உருளும். தூரமாவதற்கு, அதாவது மாதவிடாய்க்கு, ஒரு வாரம் முன்னால் சொல்லிவைத்த மாதிரி வந்துவிடும்.

"கல்யாணமானாப் போயிரும் கண்ணு" என்றார் அமுச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி. கல்யாணம் ஆனது. "ஒரு கொழந்த பொறந்தா எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றார்கள். பாப்பாவும் பிறந்தாள். பரு அப்படியே இருந்தது. ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்குப் போனால் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "மூஞ்சில என்ன அம்மிணி இத்தினி?" என்று தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள். பாசத்தில் கேட்பவர்கள்தான். ஆனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் சீருக்கும் நோம்பிக்கும் போவதையே குறைத்துக்கொண்டேன். பரு என்றால் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முப்பது வயதில் முகத்தை மறைத்துக்கொண்டு பஸ் ஏறுவது சின்ன விஷயமில்லை.

கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு, எலுமிச்சைச் சாறு, பற்பசை, வேப்பிலை, பார்லர் ஃபேஷியல், விளம்பரத்தில் பார்த்த ஃபேஸ்வாஷ் என்று எதையும் நான் விடவில்லை. எலுமிச்சை தோலை எரித்தது. ஃபேஷியலில் அழுத்தித் தேய்த்த இடமெல்லாம் மறுநாள் வீங்கியது. ஆனால் இதில் நான் செய்த பெரிய தப்பு வேறு. எதையுமே பத்து நாளுக்கு மேல் போட்டதில்லை. பத்து நாளில் போகவில்லையென்றால் அடுத்தது. நடுவில் ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்த நல்ல ஜெல் ஒன்றையும் அப்படித்தான் தூக்கிப் போட்டிருக்கிறேன் என்று பின்னால் தெரிந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மருந்துக்கடையில் அந்த டியூபைக் கொடுத்தார்கள். "எல்லாரும் இதத்தானுங்க வாங்கறாங்க, ராத்திரி போட்டுட்டுப் படுங்க." சீட்டு கேட்கவில்லை, நானும் எதுவும் விசாரிக்கவில்லை. மூணே நாளில் வேலை செய்ததால் ஒன்றரை வருஷம் விடாமல் பூசினேன்.

முதல் ஆறு மாசம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் பூச மறந்தாலே முகம் தகிக்கும். இரண்டு நாள் விட்டால் கன்னம் முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் கிளம்பும். வண்டியில் போனால் வெயில் முகத்தில் மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரியும். கன்னத்தில் பூனைமுடி அடர்ந்தது. மூக்கோரம் சிவப்பு நூல் ஓடியது போல ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பித்தன. பரு திரும்பியும் வந்தது, முன்னைவிட மோசமாக, நெற்றி கன்னத்திலும் சேர்த்து.

ஈரோட்டில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். பலகையில் பெயருக்குப் பின்னால் எம்.டி., டி.வி.எல். என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அழகு நிலையம், கிளினிக் என்று இரண்டு பெயரும் சேர்த்துப் பலகை வைத்திருக்கும் இடங்களில் ஏற்கனவே காசு விட்டிருந்தேன். தோல் மருத்துவத்தில் எம்.டி. படித்தவர் என்பதற்கு அந்த எழுத்துகள் அடையாளம்.

போன் பண்ணும்போதே, "வீட்ல இருக்கற டியூப், மாத்திரை, பவுடர், எண்ணெய் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்கள். மேஜையில் கொட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் பின்னாலும் இருந்த பொடி எழுத்தைப் படித்துப் படித்து மூணு குவியலாகப் பிரித்தார். பெரிய குவியல், இருந்தாலும் பரவாயில்லை, போனாலும் பரவாயில்லை என்கிற ரகம். இரண்டாவதில் நான் பாதியில் விட்ட அந்த ஜெல் மட்டும். மூணாவதில் என் மூணு நாள் களிம்பு, தனியாக.

"இதுல மூணு மருந்து கலந்திருக்குதுங்க. அதுல மொமெட்டசோன்னு ஒண்ணு, ஸ்டீராய்டு. வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிரும், அதுதான் உங்களுக்கு மூணு நாள்ல போன மாதிரி இருந்திருக்குது. பரு வர்ற காரணம் உள்ள அப்படியே இருந்திருக்குது. இதை ரொம்ப நாள் போட்டா இதுவே பருவைக் கொண்டாந்துரும்."

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தியாவில் 12 மையங்களில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் இப்படி ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தவர்கள். அவர்களிடம் அதிகமாகப் பார்த்த பாதிப்பே பருதான். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. என் கையில் இருந்த டியூபிலும் சீட்டு வேண்டும் என்பதற்கான ஆர்எக்ஸ் (Rx) குறியும் எச்சரிக்கையும் இருந்தன. ஒன்றரை வருஷம் தினமும் கையில் எடுத்தும் அதை நான் படிக்கவில்லை. இப்போது மனப்பாடம்: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன். முகத்துக்கு என்று யாராவது கொடுக்கிற டியூபில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், எழுதிக்கொடுத்த தோல் மருத்துவர் யார், எத்தனை நாளுக்கு என்று கேட்டே ஆகவேண்டும்.

அதை நிறுத்தியதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான காலம். மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், நிறுத்தினால் ஒருமுறை பொங்கும் என்று. ஸ்டீராய்டு இல்லாத வேறொரு களிம்பும், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரும் கொடுத்து, படிப்படியாக இறக்கினார். அப்படியும் மூணு வாரம் முகம் வெந்தது மாதிரி இருந்தது. ஒருநாள் பொழுதோட பாப்பா மடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டியாக விரல் வைக்காமல் மேலாகச் சுட்டிக்காட்டி, "இது வலிக்குதா, இது வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அன்றைக்குத்தான் இனி நடுவில் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முகம் கொஞ்சம் ஆறிய பிறகு பருவுக்கான வைத்தியம் தொடங்கியது. ராத்திரிக்கு அடாபலீன் 0.1 சதவீத ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், கூடவே டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை. ராத்திரி ஜெல்லைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். மூணு வருஷத்துக்கு முன்னால் பத்தே நாளில் நான் விட்டது இதுதான்.

"எத்தன நாள்ல தெரியும்ங்க?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு வாரம் கழிச்சுக் கேளுங்க. அதுக்கு முன்னாடி கேக்காதீங்க."

ஏன் பன்னிரண்டு வாரம் என்று அவர் விளக்கியதை நான் என் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டேன். இன்றைக்குப் பெட்டியில் போகிற துணியில் ஒரு பட்டை தெரிகிறது என்றால், தப்பு இன்றைக்கு நடந்ததில்லை. நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு, கட்டிங் முடிந்து, தைத்து, அயர்ன் பண்ணித்தான் பெட்டிக்கு வருகிறது. பட்டை விழுந்தது இரண்டு மாசம் முன்னால் நிட்டிங்கிலோ நூலிலோ. பருவும் அப்படித்தான். துளைக்குள் செத்த செல்லும் எண்ணெயும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத அடைப்பு உருவாகி, கிருமி பெருகி, வீங்கி வெளியே தெரிவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அடாபலீன் அந்த முதல் அடைப்பையே உருவாகவிடாமல் செய்கிற மருந்து. ஏற்கனவே லைனில் ஏறிவிட்டவை வந்துதான் தீரும். பத்து நாளில் மருந்தை மாற்றுகிறவர்கள், போன மாசத்து நூலுக்கு இந்த மாசத்து ஆளைத் திட்டுகிறோம்.

பூசுகிற முறையிலும் நான் முன்னால் தப்புப் பண்ணியிருந்தேன். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பேன். மருத்துவர் என் ஆள்காட்டி விரலில் ஒரு பட்டாணி அளவு பிதுக்கி, நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, கன்னத்துக்கு ஒவ்வொன்று, தாடையில் ஒன்று என்று ஐந்து புள்ளி வைத்து, முகம் முழுக்க மெலிதாகப் பரப்பச் சொன்னார். கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு ஆகாது. முகம் கழுவிய உடனே வேண்டாம், நன்றாக உலர்ந்து இருபது நிமிஷம் போகட்டும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல். அதிகம் பூசினால் சீக்கிரம் போகும் என்று யாரும் நினைக்கவேண்டாம், தோல்தான் உரியும்.

நாலாவது வாரம் பரு கூடியது. பழைய ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பேன். என்னைக் காப்பாற்றியது போட்டோதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, சமையலறைக் கதவோரம் அதே வெளிச்சத்தில், இடது வலது நேராக மூணு படம். தினமும் கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது, மனசு அன்றைக்கு எப்படியோ முகமும் அப்படித்தான் தெரியும். எட்டாவது வாரத்துப் படத்தை முதல் வாரத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தபோது கன்னம் இரண்டும் தெளிந்திருந்தன. வீட்டுக்காரரிடம் காட்டினேன், அவரும் பேசாமல் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

இதற்கு நடுவில் வீட்டில் இருந்த கருநீலத் தலையணை உறையில் திட்டுத் திட்டாக வெளுத்துப் போயிருந்தது. கம்பெனியில் மிஞ்சிய துணியில் நானே தைத்தது. சாயம் சரியில்லை என்று நினைத்து எங்கள் டையிங் மாஸ்டரிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது சாயத்துக் கோளாறு இல்லீங்க. பெராக்சைடு பட்டிருக்குது" என்றார். சாயம் போடுவதற்கு முன்னால் துணியை வெளுக்க அவர்கள் தினமும் போடுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. என் முகத்தில் இருந்தது பென்சாயில் பெராக்சைடு, உறவுக்காரன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தலையணை உறை, முகம் துடைக்கிற துண்டு எல்லாமே வெள்ளை. காலையில் பூசிவிட்டு உலர்வதற்குள் கலர் சுடிதார் மாட்டாதீர்கள், கழுத்துப் பட்டி போய்விடும்.

டாக்ஸிசைக்ளினில் ஒரு பாடம். ராத்திரி ஒரு முழுங்குத் தண்ணியில் விழுங்கிவிட்டு உடனே படுத்தேன். விடியற்காலை நெஞ்சுக்குள் கத்தி வைத்த மாதிரி வலி, எச்சில் விழுங்க முடியவில்லை. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிட்டது. ஒரு பெரிய டம்ளர் தண்ணியோடு போட்டுவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும். வெயிலும் அதிகமாகத் தாக்கும். இந்த மாத்திரையை மூணு நாலு மாசத்துக்கு மேல் நீட்டக்கூடாது, தனியாகவும் கூடாது. கூடப் பெராக்சைடு பூசுவது கிருமி மருந்துக்குப் பழகிப்போகாமல் இருக்கத்தான். பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்கிப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பன்னிரண்டு வாரத்தில் நெற்றி, கன்னம் தெளிந்தது. தாடையோரக் கோலிகுண்டு மட்டும் மாசாமாசம் வந்துகொண்டே இருந்தது. ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தார்கள். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கும் என்று பயந்தேன். எல்லாம் நார்மல். அப்போது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது, ஒரு காரணம் கிடைத்தால் தேவலை என்றிருந்தேன். மருத்துவர் சொன்னார், ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருந்தாலும் எண்ணெய்ச் சுரப்பி அதற்கு அதிகமாகத் துள்ளலாம், 25 வயதுக்கு மேல் பரு வருகிற பெண்களில் பலருக்கு இப்படித்தான் என்று. மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி, தலைமுடி கொட்டுவது இதெல்லாம் இருந்தால் கட்டாயம் பரிசோதிக்கவேண்டும்.

ஸ்பைரனோலாக்டோன் 50 மில்லிகிராமில் ஆரம்பித்து 100 வரை போனோம். அடிப்படையில் நீர் பிரிய வைக்கிற, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பழைய மாத்திரை. ஆண் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுவதைத் தடுக்கும் என்பதால் பெண்களின் பருவுக்கும் பயன்படுகிறது. பருவுக்காக ஆண்களுக்குக் கொடுப்பதில்லை, மார்பு பெருக்கும். கர்ப்பமாக இருக்கும்போதும் அதற்கு முயற்சிக்கும்போதும் கூடவே கூடாது. முதல் இரண்டு வாரம் எழுந்தால் தலை சுற்றியது, அடிக்கடி பாத்ரூம், ஒரு மாசம் மாதவிடாய்க்கு நடுவில் லேசாக ரத்தம் பட்டது. ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் ஒரு பரிசோதனை எடுத்தார்கள். "எளநி நெறையக் குடிப்பீங்களா?" என்றும் கேட்டார். பொள்ளாச்சி இளநீர் ரோட்டோரமெல்லாம் குவிந்து கிடக்கிற ஊரில் வெயில் காலத்தில் நான் தினம் இரண்டு குடிப்பவள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு இது தோன்றியே இருக்காது. மூணாவது மாசம் முதன்முறையாகத் தாடையில் ஒன்றுமில்லாமல் ஒரு மாதவிடாய் வந்துபோனது.

என் சித்தப்பா பையனுக்கு முதுகிலும் முகத்திலும் சீழ்க்கட்டியாக வந்து குழி விழுந்தது. கோவையில் ஐடி வேலை, ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் என்கிற பால் புரதப் பவுடரைக் கலந்து குடித்துக்கொண்டிருந்தான். அதை நிறுத்தியதில் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அவனுக்கு ஐசோட்ரெட்டினோயின் என்கிற மாத்திரைதான் தீர்வானது. அந்த மருந்துக்கு ஒரு கணக்கு உண்டு, உடல் எடைக்குக் கிலோவுக்கு மொத்தமாக 120 முதல் 150 மில்லிகிராம். 65 கிலோ ஆளுக்கு 120 கணக்கில் 7,800. தினம் 20 மில்லிகிராம் என்றால் 390 நாள். முகம் தெளிந்ததும் நாலாவது மாசமே நிறுத்துகிறேன் என்றான், மருத்துவர் விடவில்லை. கல்லீரல், கொழுப்புப் பரிசோதனை நடுநடுவே உண்டு. உதடு வெடிக்கும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாசமும் ரத்த தானம் கூடாது. பெண்கள் சாப்பிட்டால் அந்தக் காலமும் அதன்பின் குறைந்தது ஒரு மாசமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடு வரலாம். இதை எந்தக் கடையிலும் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

சாப்பாட்டில் நான் மாற்றியது சர்க்கரை போட்ட டீயை மட்டும். கம்பெனியில் நாளைக்கு ஐந்து ஓடும், இரண்டாக்கினேன். ஊத்துக்குளி வெண்ணெயை அம்மா ஒளித்து வைத்திருந்தார், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடவில்லை. முந்தின ராத்திரியே தலையில் தேங்காயெண்ணெய் வழிய வழிய வைத்துப் படுப்பதை விட்டு, காலையில் வைத்து அப்போதே அலசிவிடுகிறேன். நெற்றியோரப் பொரி அதிலேயே நின்றது. ஒரு நாளைக்கு ஆறு தடவை முகம் கழுவியது இரண்டானது. மஞ்சள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஈரோட்டு மஞ்சள் எங்களுக்குச் சாமி மாதிரி. அதைச் சொரசொரப்பாக அரைத்துப் பரு மேல் தேய்ப்பதுதான் ஆகாது.

கறுப்புத் தழும்பு போக எட்டு மாசம் ஆனது. நம் நிறத்துக்குப் பரு போன இடத்தில் கறுப்பது இயல்பு, அது நிறம் மட்டும்தான், தானே மங்கும். தினம் சன்ஸ்கிரீன் போட்டால் சீக்கிரம் மங்கும். குழிதான் உண்மையான தழும்பு, அதற்குப் பரு முழுக்க அடங்கிய பிறகுதான் வைத்தியம். வெளுப்பாக்கும் களிம்பை நோக்கி நம் பெண்கள் போவது இந்தக் கறுப்பைப் பார்த்துத்தான், அங்கேதான் ஸ்டீராய்டும் காத்திருக்கிறது.

இப்போது எனக்கு 34. அடுத்த குழந்தைக்காக மாத்திரையையும் அடாபலீனையும் நிறுத்தி, மருத்துவர் சொன்னபடி கர்ப்ப காலத்திலும் போடக்கூடிய அசெலாயிக் ஆசிட் களிம்புக்கு மாறியிருக்கிறேன். மாசம் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். செலவுக்குத் தயங்குகிறவர்களுக்கு, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெருந்துறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது.

போன வாரம் எங்கள் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிற ஒரு பிள்ளை, 22 வயசு, மத்தியானம் என்னிடம் வந்தாள். கன்னம் சிவந்து பொரிந்திருந்தது. கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள். செக்கிங் டேபிள் மேல் எரிகிற டியூப்லைட்டுக்குக் கீழே, துணியில் ஓட்டை பார்க்கிற மாதிரி பிடித்து இரண்டு பேரும் எழுத்துக்கூட்டிப் படித்தோம். நாலாவது வரியில் மொமெட்டசோன். எத்தனை நாளாகப் போடுகிறாய் என்றேன். ஏழு மாசம் என்றாள். நீயாகச் சட்டென்று நிறுத்தாதே, பொங்கிவிடும், மருத்துவரிடம் போவோணும் என்றேன்.

"சனிக்கெழம சம்பளம் வாங்கிட்டுப் போலாங்க்கா. நீங்களும் வாரீங்களா?"

"வாரேன்."

"எத்தன நாள்லக்கா செரியாகும்? இது மூணு நாள்ல செரியாச்சு."

"மூணு மாசம் கண்ணு. மொத மாசம் இன்னும் மோசமாத் தெரியும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போட்டோ எடுத்துப் பாக்கலாம்."

கொஞ்ச நேரம் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூடியை இறுக்கித் திருகி என்னிடம் நீட்டினாள். "நீங்களே வெச்சிருங்க்கா. அந்த டாக்டருகிட்டக் காட்டறதுக்கு."